ஒற்றைப்படை வளைவுகளில் எரியும் பச்சை விளக்கு

ஜூன் 4, செவ்வாய்

பரமக்குடியிலிருந்து மாற்றலாகி போடிக்கு வந்து எட்டு நாள் ஆகிறது. இன்று முதல் மலை முகாம்.

எங்கள் அறக்கட்டளையின் மருத்துவ ஜீப் செவ்வாயும் வெள்ளியும் காட்டுமாவடிக்குப் போகிறது. அங்கே அறுபத்து நான்கு குடும்பங்கள். சர்க்கரை மாத்திரை, ரத்தக்கொதிப்பு மாத்திரை, தடுப்பூசி எல்லாம் இந்த ஜீப்பில்தான் ஏறிப் போக வேண்டும். பதினேழு கொண்டை ஊசி வளைவுகளோடு தார்ச்சாலை, அது முடியும் இடத்தில் ஒரு சோதனைச்சாவடி, அதற்கு மேல் ஆறு கிலோமீட்டர் மண்பாதை. நர்ஸ் ஜெசிந்தா சிஸ்டர் மருந்துப் பெட்டிகளோடு பின்னால் உட்கார்ந்தார். முகாம் மேலாளர் என்ற முறையில் நான் முன்னால், டிரைவர் பவுன்ராஜுக்கு இடப்பக்கம்.

பிரயாணம் திருப்தியாக இருந்தது. வழியில் இயற்கைக் காட்சிகள் உண்டு என்றார்கள். நான் பார்க்கவில்லை. பொறுப்பில் இருப்பவன் வண்டிக்கு உள்ளேதான் கவனம் வைக்க வேண்டும். போகவர நான்கு மணி நேரமும் டாஷ்போர்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் வலது கெண்டைக்கால் இழுத்துப் பிடித்துக்கொண்டது. போடித் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது.

ஜூன் 7, வெள்ளி

டாஷ்போர்டைக் கவனித்ததற்குப் பலன் கிடைத்துவிட்டது.

அதில் ஒரு சின்னப் பச்சை விளக்கு இருக்கிறது. மேலிருந்து பார்த்த ஜீப்பின் படம், நான்கு சக்கரங்களோடு. கிளம்பும் முன் பவுன்ராஜிடம் விவரம் கேட்டுக்கொண்டேன். சாதாரணமாக இன்ஜினின் சக்தி பின் சக்கரங்களுக்கு மட்டும்தான் போகுமாம். சேற்றில் ஏறும்போது கியர் கம்பிக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னக் கம்பியை இழுத்தால் முன் சக்கரங்களுக்கும் போகும். அப்போது இந்தப் பச்சை விளக்கு எரியும். மண்பாதையில் மட்டும்தான் அப்படிச் செய்யலாம். "தார் ரோட்டுல போட்டு ஓட்டுனா பல்லுப் பல்லா உள்ள முறுக்கிக்கிட்டு ஒடைஞ்சு போகும் சார்" என்று அவரே சொன்னார்.

இன்று தார்ச்சாலையில், மூன்றாவது வளைவில், விளக்கு எரிந்தது. ஐந்தாவதில் எரிந்தது. ஏழாவதிலும். நான் ஒன்றும் பேசவில்லை. (வளைவுகளில் நான் பேசுவதில்லை. டிரைவரின் கவனம் சிதறும்.) சோதனைச்சாவடியில் இறங்கியதும் கேட்டேன்.

"பவுன்ராஜ், தார் ரோட்டில் நாலு சக்கரமும் போட்டீர்களா?"

"இல்லயே சார்."

"விளக்கு எரிந்ததே."

"நான் பாக்கல சார். நான் ரோட்டப் பாத்துக்கிட்டு வந்தேன்."

பதில் நியாயமானதுதான். ஆனால் சொன்ன தோரணை எனக்குப் பிடிக்கவில்லை.

ஜூன் 8, சனி

எண்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி அட்டையில் 'வாகனக் கோளாறு பதிவேடு' என்று எழுதினேன். எழுத்து நன்றாக வந்திருக்கிறது.

ஜூன் 11, செவ்வாய்

பதிவேட்டின் முதல் நாள். ஏறும்போது விளக்கு எரிந்த வளைவுகள்: 3, 5, 7, 9, 11, 13, 15. இறங்கும்போது: 16, 14, 12, 10, 8, 6, 4. அதாவது ஏற்றத்தில் ஒற்றைப்படை, இறக்கத்தில் இரட்டைப்படை. இது தற்செயல் இல்லை. இதன் பின்னால் ஏதோ விஞ்ஞானம் இருக்கிறது.

ஒன்பதாவது வளைவில் எதிரே பஸ் வந்தது. நாங்கள் சாலையின் ஓரத்துக்கு ஒதுங்கி நின்றோம். பஸ் கடந்து போகும்வரை விளக்கு அணையவே இல்லை. பஸ்ஸின் ஹாரன் அதிர்வு காரணமாக இருக்கலாம் என்று குறித்தேன்.

பின்னாலிருந்து சிஸ்டர், "சார், தண்ணி குடிங்க. ரொம்ப வேர்க்குது" என்றார். வெளியே பனிமூட்டம். மலையில் ஈரப்பதம் அதிகம்.

ஜூன் 12, புதன்

யோசித்துப் பார்த்ததில், விளக்கு எரிகிறது என்றால் கம்பியை இழுத்திருக்க வேண்டும். கம்பி டிரைவர் கைக்குப் பக்கத்தில் இருக்கிறது. 'தார்ச்சாலையில் நான்கு சக்கர இயக்கத்தைப் பயன்படுத்தி வாகனத்துக்குச் சேதம் விளைவிப்பது குறித்து' பவுன்ராஜுக்கு மெமோ கொடுத்தேன். நகல் மதுரையில் செயலாளருக்கு.

பவுன்ராஜ் மெமோவை நின்றுகொண்டே இரண்டு தடவை படித்தார். "சார், நான் அந்தக் கம்பியத் தொடவே இல்ல" என்றார். பிறகு, "வேணுமுன்னா எலக்ட்ரீசியன்கிட்டக் காட்டுவோம் சார். வயர்ல எதுனாச்சும் இருந்தாலும் இருக்கும்" என்றார்.

காட்டுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. உண்மைக்கு நான் பயப்படுகிறவன் இல்லை.

ஜூன் 13, வியாழன்

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் வண்டிகளுக்கு எலக்ட்ரிக்கல் வேலை செய்யும் கடை. ஒரு பெண் லாரியின் பேட்டரிப் பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். கொண்டையில் டெஸ்டர் செருகியிருந்தது.

"எலக்ட்ரீசியன் இல்லையா?" என்று கேட்டேன்.

"இருக்கேனே சார்" என்றார்.

பெயர் நாகஜோதி. விவரம் முழுவதையும் பதிவேட்டிலிருந்து வாசித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டார், அது ஒரு நல்ல குணம். பல்பை மாற்றிவிடலாமா என்றேன்.

"பல்பு எரியலைன்னா பல்ப மாத்தலாம் சார். எரியக் கூடாதப்ப எரியிறதுக்கு அது என்ன பண்ணும்?"

பிறகு எனக்கு விளக்கினார். மின்சாரம் எப்போதும் அந்த விளக்கு வரைக்கும் வந்து காத்திருக்குமாம். அது கடந்து போக வழி வேண்டும். விளக்கிலிருந்து ஒரு ஒயர் கீழே கியர்பாக்ஸில் இருக்கும் சுவிட்சுக்குப் போகிறது. சின்னக் கம்பியை இழுத்தால் சுவிட்ச் அந்த ஒயரை வண்டியின் உடம்போடு சேர்த்துவிடும். உடனே விளக்கு எரியும். "அம்புட்டுத்தான் சார். அந்த ஒயரு பாடியத் தொட்டா எரியும், தொடாட்டி எரியாது."

கம்பியை இருபது தடவை இழுத்து விட்டுப் பார்த்தார். ஜீப்பைக் குலுக்கினார். அடியில் படுத்துத் தட்டினார். விளக்கு எரிய வேண்டியபோது எரிந்தது, அணைய வேண்டியபோது அணைந்தது.

"இங்க வண்டிக்கு ஒண்ணும் இல்ல சார். நாளைக்கு அந்தச் சுவிட்சக் கழட்டி விட்டுட்டு ஓட்டிப் பாருங்க. கம்பி வேலை செய்யும், விளக்கு மட்டும் எரியாது. அப்பவும் மலையில எரிஞ்சுச்சுன்னா வந்து சொல்லுங்க."

ஜூன் 14, வெள்ளி

சுவிட்ச் கழற்றப்பட்ட நிலையிலும் மூன்றாவது வளைவில் விளக்கு எரிந்தது. ஐந்திலும் எரிந்தது. மற்றவை பதிவேட்டில்.

திரும்பும்போது கடையில் இறங்கிச் சொன்னேன். நாகஜோதி தலையாட்டினார். "சுவிட்சே இல்லாம எரியுதுன்னா, விளக்குக்கும் சுவிட்சுக்கும் நடுவுல ஒயரு எங்கேயோ பாடியத் தொடுது. டிரைவர் கம்பிய இழுத்தாரா இல்லையாங்கிற பேச்சே இதுல இல்ல சார்."

பவுன்ராஜ் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்கவில்லை. டயரைப் பார்த்தார்.

மெமோவை வாபஸ் வாங்குவதா என்று யோசித்தேன். அவசரப்பட வேண்டியதில்லை. விசாரணை இன்னும் முடியவில்லை.

ஜூன் 18, செவ்வாய்

நாகஜோதி அடியில் தெரியும் ஒயருக்கெல்லாம் புது டேப் சுற்றிக் கொடுத்திருந்தார். பலன் இல்லை. 3, 5, 7, 9, 11, 13, 15.

மழை வேறு. மண்பாதையில் ஜீப் ஒருபக்கம் சாய்ந்து போனது. காட்டுமாவடியில் இறங்கியதும் குருவம்மா என்னைப் பார்த்துவிட்டு, "சாருக்குத்தான் மொதல்ல ஊசி போடணும் போல. மொகம் வெளுத்துப்போயிக் கெடக்கே" என்றார். குருவம்மா அங்கே காப்பித் தோட்டத்தில் வேலை பார்க்கிறவர். ஐம்பத்தெட்டு வயது என்று எங்கள் அட்டை சொல்கிறது. அவர் நாற்பத்தைந்து என்கிறார். வரிசையில் எப்போதும் முதலில் நிற்பார், கடைசியில்தான் போவார், நடுவில் எல்லோருடைய வியாதியையும் விசாரித்துவிடுவார்.

எல்லோரும் சிரித்ததால் சிஸ்டர் விளையாட்டாக எனக்கும் பிரஷர் பார்த்தார். நூற்று அறுபத்தெட்டுக்கு நூறு. கருவி கோளாறு. அதையும் பதிவேட்டில் எழுதினேன்.

ஜூன் 20, வியாழன்

செருப்பு தைக்கிறவரிடம் போனேன். வலது ஷூவின் அடி ஓட்டையாகிவிட்டது. இடது ஷூ புதுசு போல இருக்கிறது. "சாருக்கு வீட்டுல தையல் மிஷின் இருக்கா? ஒத்தக் காலுல மிதிக்கிறீகளா?" என்று கேட்டார். இல்லை என்றேன்.

ஜூன் 21, வெள்ளி

கெண்டைக்கால் வீங்கிவிட்டதால் இன்று முகாமுக்குப் போகவில்லை. தமயந்தி வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாள். "ஜீப்புல உக்காந்துதான போறீக. நடந்து போற ஆளு மாதிரி காலு இப்பிடி ஆயிருக்கு" என்றாள். மனைவிமார்கள் கேட்கிற எல்லாக் கேள்விக்கும் பதில் இருப்பதில்லை.

மாலையில் சிஸ்டர் போனில் பேசினார். என் இருக்கையில் அவர் உட்கார்ந்து போயிருக்கிறார். விளக்கு ஒரு தடவைகூட எரியவில்லையாம்.

ஜன்னல் வழியாக வேடிக்கை பார்த்திருப்பார்.

ஜூன் 24, திங்கள்

செயலாளரின் கடிதம் வந்தது. என் மெமோவின் நகலையும் நான் அனுப்பியிருந்த பதிவேட்டின் பக்கங்களையும் படித்தாராம். அவற்றின் துல்லியத்தைப் பாராட்டியிருக்கிறார். அடுத்த பத்தியில் இரண்டு உத்தரவு. டிரைவர் பவுன்ராஜ் இம்மாதம் முப்பதாம் தேதியோடு பணியிலிருந்து விடுவிக்கப்படுகிறார். அதன் பிறகு, மாற்று வாகனம் கிடைக்கும்வரை காட்டுமாவடி முகாம் நிறுத்திவைக்கப்படுகிறது. மாற்று வாகனம் அடுத்த ஆண்டு பரிசீலிக்கப்படும்.

நான் இவ்வளவு கேட்கவில்லை.

பவுன்ராஜைக் கூப்பிட்டுக் கடிதத்தைக் கொடுத்தேன். படித்தார். நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"நாளைக்கு வண்டி எத்தன மணிக்கு சார்?"

"வழக்கம்போல ஏழு."

"சரி சார்."

சிஸ்டர் மட்டும் கதவுப் பக்கம் நின்றுகொண்டு, "மேல வலிப்பு மாத்திரை சாப்பிடுறவுக நாலு பேரு இருக்காங்க சார். ஒரு வேளை விட்டாலும் தப்பு. அவங்க யாரு நடந்து வந்து வாங்குவா?" என்று கேட்டார். பதிலை எதிர்பார்த்து நிற்கவில்லை.

நாகஜோதிக்குப் போன் செய்தேன். நாளை கடையைச் சாத்திவிட்டுக் கூட வர முடியுமா என்று கேட்டேன். கூட வந்து பார்த்தால்தான் தெரியும் என்று அவர் போன வாரமே சொன்னார் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

ஜூன் 25, செவ்வாய்

இன்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

நாகஜோதி பின்னால், சிஸ்டருக்கு எதிரே உட்கார்ந்தார். மடியில் மீட்டர். சுவிட்சை மறுபடி கழற்றியிருந்தார். பதிவேட்டை என்னிடமிருந்து வாங்கிப் புரட்டினார்.

"ஏறுறப்ப ஒத்தப்படை, எறங்குறப்ப ரெட்டப்படை" என்று வாசித்தார். "பவுன்ராஜண்ணே, ஏறுறப்ப மூணாவது வளைவுல பள்ளம் எந்தப் பக்கம் வரும்?"

"எடப்பக்கம்."

"நாலாவதுல?"

"சோத்துக்கைப் பக்கம். என் பக்கம். மாறி மாறித்தான வரும்."

"எறங்குறப்ப அதெல்லாம் அப்பிடியே திரும்பிக்கிரும். சரி, போங்க."

மூன்றாவது வளைவு. விளக்கு எரிந்தது. "எரிகிறது" என்றேன். திரும்பிப் பார்த்தால் நாகஜோதி விளக்கைப் பார்க்கவில்லை, மீட்டரையும் பார்க்கவில்லை. முன்னால் எட்டி என் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குச் சங்கடமாக இருந்தது.

ஆறாவது வளைவைத் தாண்டி நிறுத்தச் சொன்னார். "சார், கொஞ்ச தூரம் நீங்க பின்னாடி வாங்க. சிஸ்டர் முன்னாடி உக்காரட்டும்."

பின்னால் உட்கார்ந்து மருந்துப் பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன், அது ஆடக்கூடாது என்பதற்காக. ஏழு: எரியவில்லை. ஒன்பது: எரியவில்லை. மறுபடி நான் முன்னால் வந்தேன். பதினொன்று: எரிந்தது.

"சார், இப்ப ஒண்ணு பண்ணுங்க. காலத் தூக்கி சீட்டு மேல வச்சு சம்மணம் போட்டுக்கிருங்க."

காரணம் கேட்டேன். டெஸ்ட் என்றார். ஒரு மேலாளர் அலுவலக வாகனத்தில் சம்மணம் போட்டு உட்காருவது முறையா என்று யோசித்து, பொதுநலம் கருதி உட்கார்ந்தேன். பதின்மூன்றாவது வளைவில் இடப்பக்கம் முழுக்கப் பள்ளம். இரண்டு கையாலும் டாஷ்போர்டைப் பிடித்துக்கொண்டேன். விளக்கு எரியவில்லை.

பதினைந்தாவது வளைவில் விறகு லாரி வந்தது. பவுன்ராஜ் விளிம்புக்கு ஒதுக்கினார். சம்மணம் எப்போது கலைந்தது என்று எனக்குத் தெரியாது. விளக்கு எரிந்தது.

சோதனைச்சாவடியில் நிறுத்தினோம். நாகஜோதி என் இருக்கைக்கு முன்னால் இருந்த ரப்பர் விரிப்பைத் தூக்கினார். விரிப்பில் ஒரு குழி. சரியாக ஒரு குதிகால் அளவு. அதற்குக் கீழே, கியர்பாக்ஸ் மேட்டை ஒட்டி ஒரு ஒயர்க் கட்டு. அதில் ஒரு ஒயர் தரைத்தகட்டின் திருகுத் தலைமேல் நசுங்கி, மேல்தோல் தேய்ந்து, செம்பு பளபளவென்று தெரிந்தது.

நாகஜோதி அதன்மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். பச்சை விளக்கு எரிந்தது. விரலை எடுத்தார். அணைந்தது. அழுத்தினார். எரிந்தது.

சிஸ்டர் திடீரென்று தடுப்பூசிப் பெட்டியில் ஐஸ் இருக்கிறதா என்று பார்க்கப் போனார். பவுன்ராஜ் சோதனைச்சாவடியின் பெயர்ப்பலகையை முதல் தடவை பார்ப்பவர் போலப் படித்தார்.

"சார்" என்றார் நாகஜோதி, மெதுவாக. "இந்தப் பக்கம் பிரேக்கு கெடையாது."

"தெரியும்" என்றேன்.

பதிவேட்டில் எழுதியது: 'தரைவிரிப்பின் மீது தொடர்ந்து விழுந்த அழுத்தமே கோளாறுக்குக் காரணம் எனக் கண்டறியப்பட்டது. அழுத்தம் எங்கிருந்து வந்தது என்பது ஆராயப்படவில்லை.'

ஜூன் 26, புதன்

செயலாளருக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். முதல் வரைவில் தரைவிரிப்பின் தரம் சரியில்லை என்று எழுதினேன். அதற்கு ஆளை வேலையை விட்டு எடுக்கவும் முடியாது, எடுத்த உத்தரவை ரத்து செய்யவும் முடியாது. கிழித்தேன். இரண்டாவதில் ஒயரைத் தவறான இடத்தில் கொண்டுபோனவர்களைச் சாடினேன். ஆனால் அதே இடத்தில்தான் இத்தனை வருடம் அந்த ஒயர் இருந்திருக்கிறது. மூன்றாவதில், 'முன்னிருக்கையில் பயணம் செய்த ஒருவர், வளைவுகளில் தம்மை அறியாமல் வலது காலை ஊன்றியதால்' என்று எழுதினேன்.

காப்பி கொண்டுவந்த தமயந்தி தோளுக்கு மேலாகப் படித்தாள்.

"அந்த ஒருத்தர் யாருங்க?"

அவள் காப்பியை வைத்துவிட்டு என் வலது காலைப் பார்த்தாள். தைலத்தை எடுத்துக்கொண்டு வந்தாள்.

எங்கள் ஊர்ப் பக்கம் மேடு என்றால் கண்மாய்க் கரைதான். அதற்கு மேல் உயரமான ஒன்றின்மேல் ஐம்பத்திரண்டு வயதுவரை நான் ஏறியதில்லை. இது ஒரு தகவல் மட்டுமே.

பயம்தான்.

ஜூன் 27, வியாழன்

கடிதம் போய்ச் சேர்வதற்குள் முப்பதாம் தேதி வந்துவிடும் என்பதால் செயலாளருக்குப் போன் செய்தேன். நின்றுகொண்டு பேசினேன். மூன்றாவது வளைவிலிருந்து ஆரம்பித்துச் சம்மணம் வரை சொன்னேன்.



"கோட்டைச்சாமி, நீங்க பயந்ததால விளக்கு எரிஞ்சதுன்னு சொல்றீங்க."

"ஆமாம் சார்."

"ஏன் இதை முன்னாடியே சொல்லல?"

"எனக்கே முன்னாடி தெரியாது சார்."

"முப்பது வருஷத்துல என்கிட்ட எத்தனையோ பேர் எத்தனையோ விளக்கம் கொடுத்திருக்காங்க" என்றார். "இப்படி ஒருத்தரும் கொடுத்ததில்ல. இதையே எழுத்துல அனுப்புங்க. ரெண்டு உத்தரவையும் ரத்து பண்ணிடறேன்." பிறகு குரலை இறக்கி, "மதுரையில ஒரு மேஜை வேலை காலியா இருக்கு. தரைத்தளம். யோசிச்சுச் சொல்லுங்க" என்றார். நல்ல மனிதர்.

பவுன்ராஜை வீட்டில் போய்ப் பார்த்தேன். கைலியோடு ஓடிவந்து சட்டை போட்டுக்கொண்டார். உத்தரவு ரத்து என்றும், மெமோவை வாபஸ் வாங்கிவிட்டேன் என்றும் சொன்னேன். மன்னிப்புக் கேட்கலாம் என்று மூன்று வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தேன். முதல் வாக்கியத்திலேயே அவர் குறுக்கிட்டார்.

"அத விடுங்க சார். நீங்க காலு மிதிக்கிறது எனக்கு மொத நாளே தெரியும். ஜீப்புல முன்னாடி உக்காருற ஆளுல பாதிப் பேரு மிதிப்பாக. ஒயரு அங்க போகுதுங்கிறதுதான் எனக்குத் தெரியாது."

"தெரிந்தும் ஏன் சொல்லவில்லை?"

"மேனேஜர்கிட்டப் போயி, நீங்க பயப்படுறீகன்னு எப்பிடி சார் சொல்றது?"

அவர் மனைவி மோர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்துவிட்டு வந்தேன். மீதி இரண்டு வாக்கியங்களை வாசலில் நின்று சொன்னேன். பவுன்ராஜ் அதற்கும், "சரி சார்" என்றார்.

ஜூன் 28, வெள்ளி

நாகஜோதி அந்த ஒயரை வேறு வழியில், டாஷ்போர்டுக்கு உள்ளாக மேலே தூக்கிக் கட்டிவிட்டார். சுவிட்சையும் மாட்டிவிட்டார். பதினேழு வளைவிலும் விளக்கு எரியவில்லை. மண்பாதையில் கம்பியை இழுத்ததும் எரிந்தது. வண்டியின் கோளாறு தீர்ந்தது. என்னுடையது தீரவில்லை. வழக்கம்போல வேர்த்தது, வழக்கம்போலக் கால் இழுத்தது. வித்தியாசம் என்னவென்றால், இப்போது வண்டியில் இருக்கும் மூன்று பேருக்கும் அது தெரியும்.

முகாமில் சிஸ்டருக்கும் குருவம்மாவுக்கும் வாக்குவாதம். குருவம்மாவுக்கு வலது கண்ணில் புரை முற்றிவிட்டது, இடது கண்ணும் மங்கல். கீழே போடியில் இலவசமாக ஆபரேஷன் செய்ய ஏற்பாடு இருக்கிறது. வர மாட்டேன் என்கிறார். ஏன் என்றால், கோழியைப் பார்க்க ஆள் இல்லை என்கிறார். சிஸ்டர் கோழிக்கு ஆள் ஏற்பாடு செய்தால், காப்பிப் பழம் பறிக்க வேண்டும் என்கிறார். இப்போது காப்பிப் பழப் பருவமே இல்லை.

நான் அருகில் போய் உட்கார்ந்தேன். "நீங்கள் கடைசியாக மலையை விட்டு இறங்கியது எப்போது?" என்று கேட்டேன்.

"அது ஆச்சு பதினோரு வருசம். தம்பி மக கல்யாணம்."

"எப்படிப் போனீர்கள்?"

"ஜீப்புலதான்." கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தார். "வர்றப்ப நடந்து வந்துட்டேன்."

எனக்குப் புரிந்துவிட்டது. அவருடைய பதிவேட்டில் கோழியும் காப்பிப் பழமும். என்னுடையதில் ஹாரன் அதிர்வும் ஈரப்பதமும்.

"எனக்கும் பயம்தான்" என்றேன். சத்தமாகச் சொன்னது அதுதான் முதல் தடவை. வரிசையில் நின்ற இருபது பேரும் கேட்டார்கள்.

குருவம்மா மங்கின கண்ணால் என்னை உற்றுப் பார்த்தார். "ஆம்பள ஆளு, சாருக்கா?"

"பவுன்ராஜைக் கேளுங்கள்."

அவர் கேட்டார். பவுன்ராஜ் தயங்காமல் விவரமாகச் சொன்னார். தேவைக்கு அதிகமாகவே சொன்னார், சம்மணத்தை நடித்தும் காட்டினார். காட்டுமாவடி முழுக்கச் சிரித்தது. குருவம்மா சிரித்து முடித்துவிட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "செவ்வாக்கிழம சாரும் பக்கத்துல வருவீகன்னா வாரேன்" என்றார்.

ஜூலை 1, திங்கள்

மதுரைக்கு எழுதினேன்: 'மேஜை வேலைக்கு நன்றி. தற்சமயம் ஒரு நோயாளியை அழைத்து வருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன். அதற்குப் பிறகும் செவ்வாயும் வெள்ளியும் வந்துகொண்டுதான் இருக்கும்.'

மாலையில் நாகஜோதி கடைக்கு வரச் சொன்னார். ஜீப்பின் இடப்பக்கக் கதவைத் திறந்து காட்டினார். என் காலடியில், தரையில் ஒரு மிதிகட்டை. காயலான் கடையில் வாங்கிய பழைய லாரியின் பிரேக் மிதிகட்டை. நல்ல அகலம். அடியில் கெட்டியான ஸ்பிரிங்.

"இது எதோடு சேர்கிறது?" என்று கேட்டேன்.

"எதோடயும் சேரல சார். ஸ்பிரிங்கு மட்டுந்தான். எவ்வளவு வேணாலும் மிதிங்க, ஒயருக்கு ஒண்ணும் ஆகாது."

கேலியாக இருக்குமோ என்று அவர் முகத்தைப் பார்த்தேன். இல்லை. அழுத்திப் பாருங்கள், ஸ்பிரிங் கடினமாக இருந்தால் வேறு போடலாம் என்றார். மிதித்தேன். கச்சிதமாக இருந்தது.

ஜூலை 2, செவ்வாய்

முகாம் முடிந்ததும் குருவம்மா துணிப்பையோடு வந்தார். முன்னிருக்கை இரண்டு பேர் உட்காரலாம். கதவுப் பக்கம் உட்கார அவர் ஒப்பவில்லை. ஆகவே அவர் நடுவில், நான் பள்ளத்தின் பக்கம். கிளம்பும் முன் அவர் கால் எதிலோ தட்டியது.

"இதென்னா சார்?"

"பிரேக்."

"யாருக்கு?"

"எனக்கு."

"அப்ப சரி" என்று அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

மண்பாதை முடிந்து தார்ச்சாலை வந்தது. வண்டி சாயும்போதெல்லாம் கண்ணைத் திறக்காமலே, "மிதிங்க சார்" என்றார். நான் மிதித்தேன். ஜீப் வேகம் குறைந்தது. பதினாறாவது வளைவில் அப்படி, பதினான்காவதில் அப்படி. பன்னிரண்டாவதில்தான் எனக்குச் சந்தேகம் வந்தது. பவுன்ராஜைப் பார்த்தேன். அவர் ரோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் என் கால் அழுந்துகிற அதே கணம் அவர் காலும் அழுந்தியது. நான் எடுத்ததும் எடுத்தார். வேண்டுமென்றே ஒரு நேர்ச்சாலையில், பள்ளமே இல்லாத இடத்தில் மிதித்துப் பார்த்தேன். ஜீப் மரியாதையாக வேகம் குறைந்தது.

பின்னால் சிஸ்டர் இருமினார். சிரிப்பை மறைக்கிற இருமல்.

பத்தாவது வளைவுக்குப் பிறகு குருவம்மாவின் பிடி தளர்ந்தது. "இப்ப என்னா தெரியுது சார்?" என்று கேட்டார். டாஷ்போர்டு என்று சொல்ல முடியவில்லை. தலையைத் திருப்பினேன். பள்ளம் நான் நினைத்ததைவிட ஆழமாகவே இருந்தது. அதன் அடியில் தென்னந்தோப்புகளும், ஒரு குளமும், அதற்கப்பால் போடியின் வீடுகளும் சின்னச் சின்னதாகத் தெரிந்தன. ஒவ்வொன்றாகச் சொன்னேன். குளத்தில் தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டார். பாதி இருக்கிறது என்றேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்ததால் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது.

கண் ஆஸ்பத்திரியில் பதிவு செய்யும் இடத்தில் ஒரு பெண் கம்ப்யூட்டரில் விவரம் ஏற்றிக்கொண்டிருந்தார். பெயர், ஊர் எல்லாம் ஆயிற்று. வயது நாற்பத்தைந்து என்றார் குருவம்மா. நான் அட்டையை நீட்டவில்லை.

"கூட வந்திருக்கிறது யாரும்மா? அவரு உங்களுக்கு என்ன வேணும்?"

குருவம்மா என் பக்கம் கையைக் காட்டினார். "இவருதான். பிரேக்கு மிதிக்கிறவரு."

அந்தப் பெண் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு 'டிரைவர்' என்று ஏற்றிக்கொண்டார். பக்கத்தில் துணிப்பையைப் பிடித்துக்கொண்டு நின்ற பவுன்ராஜ் ஒன்றும் சொல்லவில்லை. நானும் திருத்தவில்லை.